உடைந்த பானையோட்டில் கோப்டிக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தில், லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் நைலின் மேற்குப் பக்கம் ஒரு மலை இருக்கிறது. பழைய மன்னர்களும் அமைச்சர்களும் கல்லறை குடைந்துகொண்ட மலை. கி.பி. 600-க்கும் 800-க்கும் இடையில் அதன் அடிவாரத்தில் கிறிஸ்தவத் துறவிகளும் ஊர்க்காரர்களும் வாழ்ந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியது பெரும்பாலும் உடைந்த பானையோட்டில். இதைக் கேள்விப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆஸ்ட்ரகான் என்கிறார்களே, அது என்ன?

எழுத்துள்ள ஓட்டுத்துண்டுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் பெயர். பன்மையில் ஆஸ்ட்ரகா. கிரேக்கச் சொல்தான். ஏதென்ஸில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்ப வாக்கெடுத்தபோது பெயரைக் கீறிப் போட்ட ஓட்டுக்கும் அதே பெயர். கோப்டிக் மொழியில் ஓட்டுக்கு ‘பெல்ஜே’ என்பார்கள். லக்சர் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சில்லிலும் நிறைய எழுதினார்கள். கல்லறை குடைந்தபோது கொட்டிய சில்லு மலையெங்கும் கிடந்தது, குனிந்து எடுத்தால் போதும். அதையும் ஆஸ்ட்ரகான் என்றே கணக்கில் சேர்க்கிறார்கள்.

கோப்டிக் என்பது தனி மொழியா?

பழைய எகிப்திய மொழியின் கடைசிக் கட்டம். பிரமிடு காலத்து மொழியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமாட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்திலிருந்து சில குறிகளைச் சேர்த்தார்கள். ‘ஷ’ ஒலிக்கான எழுத்து அப்படி வந்ததுதான். தெற்கு எகிப்தில் எழுதப்பட்ட வழக்குக்குச் சாஹிதிக் என்று பெயர், இந்த ஓடுகள் பெரும்பாலும் அதில்தான். இன்றைக்குக் கோப்டிக் தேவாலய வழிபாட்டில் கேட்பது போஹைரிக் என்ற வடக்கு வழக்கு. வீட்டில் பேசும் மொழியாக இப்போது இல்லை, அரபி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1822-இல் ஹைரோகிளிஃப் என்ற பழைய எகிப்தியப் பட எழுத்தின் பூட்டைத் திறந்ததற்கு அவருக்குக் கோப்டிக் தெரிந்திருந்தது ஒரு பெரிய காரணம்.

முழுப் பானையில் எழுதி, அப்புறம் உடைந்ததா?

இல்லை. பானை உடைந்த பிறகுதான் எழுதினார்கள். துண்டைப் பார்த்தாலே தெரியும். ஓடு குறுகும் இடத்தில் வரியும் குறுகுகிறது, விளிம்புக்கு வந்ததும் சொல்லைப் பாதியில் மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறார்கள். முழு ஜாடியில் எழுதியதும் உண்டு, அது வேறு வகை. மதுச்சாடியின் தோளில் சரக்கு விவரம் எழுதுவார்கள். அந்த ஜாடி உடைந்தால் எழுத்தும் குறுக்கே அறுந்துபோயிருக்கும்.

அப்படியானால் கீழடி ஓடுகளில் இருப்பதும் இதுதானா?

பலரும் கேட்கிறார்கள். கீழடியில் கிடைத்த தமிழி எழுத்துகள் கூர்மையான பொருளால் பானையில் கீறியவை. பெரும்பாலும் ஆள் பெயர்கள், அவை பானையோடு சேர்ந்தவை. பானை இன்னாருடையது என்று சொல்லவே எழுதினார்கள். கோப்டிக் கடிதத்துக்கும் அது எழுதப்பட்ட பானைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஓடு அங்கே வெறும் காகிதம்.

எகிப்திலேயே தமிழி கீறிய பானையோடு கிடைத்திருக்கிறது என்பது வேறு கதை. செங்கடல் கரையில் குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ‘பானை ஒறி’ என்று கீறிய ஜாடித் துண்டு கிடைத்தது, ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார். ஆனால் அது இந்தத் துறவிகளுக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்?

உள்ளங்கை அளவு. மதுச்சாடியின் வயிற்றுப் பகுதி என்றால் வெளிப்பக்கம் வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும், சக்கரத்தில் வனைந்தபோது விழுந்த வரிகள். நிறம் நைல் வண்டலின் பழுப்பு. உட்பக்கம் பல நேரம் கறுப்பாக இருக்கும். மது கசியாமல் இருக்கத் தார் போன்ற பிசினைப் பூசியிருப்பார்கள். அதில் எழுத முடியாது, அதனால் வெளிப்பக்கத்திலேயே எழுதினார்கள்.

பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் ஒரு சிலுவைக்குறி. பிறகு சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் எழுத்து ஓடும். சில மெய்யெழுத்துகளின் தலையில் சின்னக் கோடு இருக்கும், அதுதான் கோப்டிக்கின் அடையாளம். மேட்டில் ஏறும்போது நாணல் பேனா மை சிந்தும், பள்ளத்தில் இறங்கும்போது கோடு மெலியும். கடைசி இரண்டு வரியில் இடம் போதாமல் எழுத்து சிறுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அஞ்சலட்டையில் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

பப்பிரஸ் இருந்ததே, ஏன் ஓட்டில் எழுதினார்கள்? ஏழைகளா?

பப்பிரஸ், அதாவது கோரைத் தண்டில் செய்த தாள், காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஓடு குப்பையில் கிடப்பது. அது உண்மைதான். ஆனால் ‘ஏழைகளின் காகிதம்’ என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஹெர்மோந்திஸ் நகரின் பிஷப் ஆபிரகாம், கி.பி. 590 முதல் 620 வரையிலான காலத்தில் அந்தப் பகுதிக்கே தலைவர். அவரிடமிருந்து குருமாருக்குப் போன கண்டிப்புகளும், அவருக்கு வந்த விண்ணப்பங்களும் ஓட்டிலும் கற்சில்லிலும் இருக்கின்றன. அதே ஆபிரகாமின் உயில் மட்டும் பப்பிரஸில், கிரேக்கத்தில் இருக்கிறது. அவருக்குக் கிரேக்கம் தெரியாது, எகிப்திய மொழியில் படித்து விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த உயில் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

ஆக, நாள்பட நிற்க வேண்டிய பத்திரம் என்றால் பப்பிரஸ். நாளைக்குக் காலையில் போய்ச் சேர வேண்டிய சேதி என்றால் ஓடு.

‘பப்பிரஸ் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு எழுதும்போது இந்த வரி வரும். இதை நான் வறுமைக்குச் சான்றாக எடுக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தவரிடம் ‘ஒன்றும் பெரிதாகச் சமைக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இலை போடுகிறோமே, அந்த மாதிரி மரியாதை.

எங்கே கிடைத்தன?

எகிப்தின் பல இடங்களில். ஆனால் கடிதங்களுக்கு லக்சர் மேற்குக் கரைதான் சுரங்கம்.

முதலில் ஜெமே என்ற ஊர். மூன்றாம் ராம்செஸ் கட்டிய மெதினெத் ஹபு கோயிலுக்குள்ளும் அதன் மதிலைச் சுற்றியும் வீடு மேல் வீடாக எழும்பிய ஊர் அது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் காலியாகிவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் குழு 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் அங்கே தோண்டியது.

அடுத்தது தெயர் எல்-பஹ்ரி. ஹட்ஷெப்சுட் அரசியின் கோயில் என்று சுற்றுலாப் படங்களில் பார்ப்பீர்கள். அந்தக் கோயிலின் மேல்தளத்தில் பிஷப் ஆபிரகாம் நிறுவிய புனித ஃபோய்பாமோன் மடம் இருந்தது. ‘தெயர் எல்-பஹ்ரி’ என்றாலே அரபியில் வடக்கு மடம் என்று பொருள். 1890-களில் எதுவார் நவீல் என்ற அகழாய்வாளர் அந்தக் கோயிலை வெளிக்கொண்டுவர மடத்தின் சுவர்களை அகற்றிவிட்டார். அரசியின் கோயில் கிடைத்தது, மடம் போயிற்று. எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை உண்டு. அங்கே கிடைத்த ஓடுகளில் பலவற்றை வால்டர் க்ரம் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் படியெடுத்து 1902-இல் பதிப்பித்தார்.

மூன்றாவது ஷேக் அப்துல் குர்னா குன்று. தாகா என்ற பழைய அமைச்சரின் கல்லறையைச் சுற்றி எபிபானியஸ் என்ற துறவியின் மடம் இருந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக ஹெர்பர்ட் வின்லாக் 1912 முதல் 1914 வரை அங்கே தோண்டினார். கடிதங்களோடு ஹோமரின் இலியட் என்ற கிரேக்கக் காவிய வரிகளை எழுதிப் பழகிய ஓடும் கிடைத்தது. துறவி மடத்தில் டிராய் போர்! எழுத்துப் பயிற்சிக்கு அந்தக் காலத்தில் அதுவும் ஒரு பாடம்.

நான்காவது, எனக்குப் பிடித்தது, அதே குன்றில் இன்னொரு கல்லறை. அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

கடிதத்துக்கு ஒரு வாய்பாடு இருந்ததா?

இருந்தது, கெட்டியாகவே இருந்தது. ‘ஷோர்ப் மென்’ என்று தொடங்கும், ‘முதலாவதாக’ என்று அர்த்தம். முதலாவதாக உங்களை வணங்குகிறேன் என்று வாக்கியம் போகும். எழுதுகிறவர் தன்னை ‘மிகச் சிறியவன்’, ‘பாவி’ என்று தாழ்த்திக்கொள்வார். ஏதாவது வேண்டுமென்றால் ‘அரி தகபே’ என்பார். ‘அன்பைச் செய்யுங்கள்’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள், நம் ‘தயவுசெய்து’ இருக்கும் இடம். முடிவில் ‘உஜாய் ஹெம் ப்ஜொய்ஸ்’, ஆண்டவரில் நலமாக இருங்கள். கடைசியாக முகவரி: ‘இன்னாரிடம் கொடு, இன்னாரிடமிருந்து’.

முகவரியில் தெரு, ஊர் எல்லாம் பெரும்பாலும் இருக்காது. தேவையும் இல்லை. கொண்டுபோகிறவனுக்கு வீடு தெரியும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கடிதம் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது, ‘அந்த விஷயம்’ என்றால் எந்த விஷயம் என்று கேட்கிறார்கள். ஓடு தனியாகப் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் நடந்தார், விவரத்தை அவர் வாயால் சொன்னார். ஓட்டில் இருப்பது பாதிப் பேச்சுதான்.

ஃப்ராங்கே என்பவர் யார்?

எட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வாழ்ந்த துறவி. இரண்டாம் அமென்ஹோத்தெப் காலத்து அமைச்சர் அமெனெமோப்பெயின் கல்லறையில் குடியிருந்தார். கல்லறை எண் 29 என்று அதைக் குறிப்பிடுவார்கள். பிரசெல்ஸ் பல்கலைக்கழகக் குழு அங்கே தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்ட்ரகா கிடைத்தன. அதில் பெரும்பகுதி ஃப்ராங்கேயைச் சுற்றியது. ஆன் பூதோர், ஷாந்தால் அர்த்தெல் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 2010-இல் அவற்றைப் பதிப்பித்தார்கள்.

ஆள் சும்மா இருக்கவில்லை. நெசவு செய்தார். கல்லறையில் தறிக்குழி இருக்கிறது, நம் குழித்தறி போலக் காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்கிற குழி. புத்தகம் படியெடுத்தார், கட்டியும் கொடுத்தார். அதனால் கடிதங்களில் நூல், நெய்த பட்டைகள், இரவல் புத்தகம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஜெமேயில் இருப்பவர்களுக்கு எழுதினார், நதிக்கு அக்கரையில் பெதெமூத் ஊரில் இருந்த பெண்களோடும் கடிதப் போக்குவரத்து இருந்தது. உலகத்தைத் துறந்தவர் என்று சொல்கிறோம். இந்தத் துறவிக்குத் தெரிந்தவர் பட்டியலைப் பார்த்தால் ஒரு மளிகைக்கடைக்காரருக்கே பொறாமை வரும்.

அவருடைய வாழ்த்து ஒன்று எனக்கு மறக்கவில்லை. வீட்டாரையும் பிள்ளைகளையும் வாழ்த்திவிட்டு ‘மனிதர் முதல் கால்நடை வரை’ ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்று சேர்ப்பார். தொழுவத்தில் நிற்கிற மாட்டையும் விட்டுவிடவில்லை. கையெழுத்தும் தனித்தன்மை உள்ளது. அருங்காட்சியகங்களில் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கிடந்த சில ஓடுகளைக்கூட இது ஃப்ராங்கே கை என்று அடையாளம் காண முடிந்திருக்கிறது.

எல்லாம் பக்திக் கடிதங்கள்தானா?

இல்லவே இல்லை. ஜெமேயில் எழுதிய அபயக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடவுளின் வாக்கு’ என்று அவற்றுக்குப் பெயர். கடனுக்கோ வரிக்கோ பயந்து ஒருவன் ஊரைவிட்டு ஓடிவிடுகிறான். ஊர்த் தலைவர், அதாவது லஷானே, அவனுக்கு ஓட்டில் எழுதி அனுப்புகிறார்: இதோ கடவுளின் வாக்கு உனக்கு, உன் வீட்டுக்குத் திரும்பி வா, உனக்குத் தீங்கு செய்ய மாட்டோம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. பல ஓடுகளில் ஒரு ‘தவிர’ வருகிறது: இந்த இத்தனை காசைத் தவிர வேறெதையும் உன்னிடம் கேட்க மாட்டோம். அந்தத் ‘தவிர’வில்தான் பேரமெல்லாம் இருக்கிறது.

639-க்கும் 642-க்கும் இடையில் அரபுப் படை எகிப்தைப் பிடித்தது. பின்னால் தலைவரி, அதாவது ஆள் கணக்கில் வாங்கும் வரி, வந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெமேயில் கொடுத்த வரி ரசீதுகளும் ஓட்டில்தான்.

இன்னொரு ஓடு: மூன்று பேர் தங்களை டீக்கனாக, அதாவது குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளராக, நியமிக்கும்படி பிஷப் ஆபிரகாமிடம் கேட்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தை மனப்பாடம் செய்கிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். வேலைக்கு முன்னால் ஒப்பந்தம் போட்ட மாதிரி.

பெண்கள் எழுதினார்களா?

பெண்கள் அனுப்பியவையும் பெற்றவையும் தாராளமாக உண்டு. பெண் கணக்கு வழக்கு பார்த்ததற்குக் கொலோஜே நல்ல சாட்சி. ஜெமேயில் வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர். அடகு வைத்துக் கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த ஓடுகள் அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே கிடைத்தன. கைமாற்றுக் கடன்தான், பெரிய வங்கி எல்லாம் இல்லை. ஆனாலும் சீட்டு எழுதி வாங்காமல் விடவில்லை.

தேதி போட்டிருக்குமா?

கடிதங்களில் அரிது. நாளைக்குப் படித்துவிடப் போகிற கடிதத்துக்கு எதற்கு வருடம்? பத்திரங்களில் ‘இந்திக்தியோன்’ என்ற 15 ஆண்டுச் சுழற்சிக் கணக்கு வரும். நம் அறுபது வருடப் பெயர்களில் இருக்கிற சிக்கல்தான் அதிலும். நான்காம் ஆண்டு என்றால் எந்தச் சுற்றின் நான்காம் ஆண்டு? ஆகவே பெயர்களைக் கோத்துப் பார்க்கிறார்கள். இவர் அவருக்கு எழுதினார், அவர் பிஷப் ஆபிரகாமைப் பார்த்தார், சரி, இது 600-ஐ ஒட்டியது என்று சங்கிலி போடுவார்கள்.

ஒரே ஓர் இடத்தில் சூரியனே தேதி போட்டுக் கொடுத்தது. நான்காம் இந்திக்தியோன், பாமெனோத் மாதம் 14, பகல் நான்காம் மணியில் சூரியன் இருண்டது, அந்த வருடம் ஜெமேயின் லஷானே பாலூவின் மகன் பேதுரு என்று ஓர் ஆஸ்ட்ரகானில் குறித்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கி.பி. 601 மார்ச் 10-ஆம் தேதி நடந்த சூரிய கிரகணம் பொருந்துகிறது. அதனால் பேதுரு எந்த வருடம் ஊர்த் தலைவராக இருந்தார் என்பது நமக்குத் திட்டமாகத் தெரியும். பிஷப்மார் பலருக்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

1,400 வருடம் மை எப்படி அழியாமல் இருந்தது?

அந்தப் பக்கம் மழை கிடையாது, அவ்வளவுதான். கரிப்புகையும் பிசினும் கலந்த மை வெயிலுக்கு அசையாது, ஆனால் தண்ணீர் பட்டால் கரையும். அந்தக் காலத்தில் ஓட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதியதும் இதனால்தான். அகழாய்வில் பானையோடுகளை வாளியில் போட்டுத் தேய்த்துக் கழுவுவது வழக்கம். எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் கழுவினால் ஒரு கடிதம் வாளித் தண்ணீரோடு போய்விடும். இன்னொரு எதிரி உப்பு. ஓட்டுக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து பூத்தால் மையையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

மங்கிய எழுத்துக்கு அகச்சிவப்புக் கதிரில் படம் எடுக்கிறார்கள். கரி மை அதில் கறுப்பாகவே நிற்கும், ஓட்டின் கறைகள் மங்கிவிடும். அதன்பிறகும் பல ஓடுகளில் பாதிக்குப் பாதி ஊகமும் விவாதமும்தான்.

மொத்தம் எத்தனை?

கோப்டிக் மட்டும் என்றாலே ஆயிரக்கணக்கில், வருடா வருடம் கூடிக்கொண்டே இருக்கிறது. சோஹாக் அருகே அத்ரிபிஸில் 18,000-க்கும் மேற்பட்ட ஆஸ்ட்ரகா கிடைத்ததாக 2022-இல் அறிவித்தார்கள். அதில் பெரும்பாலானவை டெமாட்டிக், கோப்டிக் கொஞ்சம்தான்.

இணைய ஏலத்தில் விற்கிறார்களே, ஒன்று வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். எகிப்து 1983-இல் 117-ஆம் எண் சட்டம் கொண்டுவந்து தொல்பொருள் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே முறையாக வெளியே வந்தது என்று காட்டும் தாள் இல்லாத ஓடு திருட்டுப்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். போலி இன்னொரு தொல்லை. பழைய ஓடு எகிப்து மண்ணில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அதன்மேல் போன மாதம் மை வைத்து எழுதினால் ஓடு உண்மை, கடிதம் பொய். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எந்தக் கல்லறையில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன பெயர்ச் சங்கிலியில் அது சேராது.

பார்க்க மட்டும் ஆசை என்றால் கெய்ரோவின் கோப்டிக் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் மியூசியம், மெட்ரோபாலிட்டன் மூன்றிலும் இருக்கின்றன. பின்னவை இரண்டும் இணையத்தில் படங்களைப் போட்டிருக்கின்றன, காசு கேட்பதில்லை.

நானே படிக்கப் பழக முடியுமா?

முடியும். கிரேக்க எழுத்து தெரிந்தால் இன்னும் ஆறு எழுத்துதான் பாக்கி, ஒரு வாரம் போதும். வால்டர் க்ரம் 1939-இல் முடித்த அகராதிதான் இன்றைக்கும் கைத்துணை, இந்த ஓடுகளிலிருந்தே எடுத்த எடுத்துக்காட்டுகள் அதில் ஏராளம். இணையத்தில் தேடக்கூடிய கோப்டிக் அகராதியும் இருக்கிறது. அச்சு எழுத்தில் பழகிவிட்டு நேரே ஓட்டுக்குப் போனால் முதலில் திகைப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், சிலுவைக்குறியும் ‘ஷோர்ப் மென்’னும் உங்களைக் கைவிடாது. முதல் வரியை நீங்களே படித்துவிடுவீர்கள். இரண்டாவது வரியில் ஆள் பெயர் வரும், அது அகராதியில் இருக்காது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.